வேற்றுக் கிரகங்களில் நம் ஊராரைக் குடியேற்றிய சகாயசெல்வி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர் பெரியவர் வெங்கடாசலம் அவர்களே, எனக்கு முன்னால் பேசி எங்கள் எல்லோரையும் கலங்க வைத்த பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செல்வியின் அம்மா ஆரோக்கியமேரி அவர்களே, கணவர் அந்தோணிராஜ் அவர்களே, வலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் குப்பத்து உறவுகளே, உப்பளத்திலிருந்து கால் கழுவிக்கொண்டு நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, ஆரோவில்லிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்திருக்கும் ஓவிய நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் தட்சணாமூர்த்தி. மரக்காணம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன். இந்த மண்டபத்து வாசலில் கட்டியிருக்கிறதே கண்ணீர் அஞ்சலி பேனர், அதை அடித்தவனும் நான்தான். இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். இதை அடிக்கும்போது மட்டும் மெஷின் பக்கத்தில் நிற்க முடியவில்லை. ஓடவிட்டுவிட்டு வெளியே போய் ரோட்டில் நின்றுகொண்டேன்.

ஆனாலும் நண்பர்களே, நான் இங்கே அழுவதற்கு வரவில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறேன். ஓவியர் சகாயசெல்வி அவர்களுக்கு இந்த ஊர் நன்றி சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதைச் சொல்லாமல் வெறும் கண்ணீரோடு நாம் கலைந்து போகலாமா? போகக் கூடாது!

செல்வி என் கடைக்கு டிசைன் வேலைக்கு வந்தபோது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. உப்பளத்தில் வேலை செய்கிற குடும்பத்திலிருந்து வந்த பெண். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தார். எங்கள் கடை வேலை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். தலைவருக்குப் பிறந்தநாள் என்றால் தலைவரை அருவிக்கு முன்னால் நிறுத்துவோம். மஞ்சள் நீராட்டு விழா என்றால் பெண்ணுக்குப் பின்னால் ஒரு பனிமலை வைப்போம். எல்லாருக்கும் அதே அருவி, அதே பனிமலை. இந்த ஊரில் பாதிப் பேருடைய விசேஷம் அந்தப் பனிமலைக்கு அடியில்தான் நடந்தது.

ஒரு நாள் செல்வி என்னிடம் கேட்டார்: "அண்ணா, இந்த மலைய பாத்துப் பாத்து எனக்கே குளுருது. நானே பின்னாடி எதனா ஒண்ணு பண்ணி வைக்கட்டுமா?"

"பண்ணு. ஆனா கஸ்டமர் கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்றேன்.

அடுத்த வாரம் ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனர் போனது. அன்று மாலையே பெண்ணின் தாய்மாமன் கடைக்கு வந்து கத்தினார். "யோவ், இன்னாய்யா அடிச்சி வச்சிருக்கீங்க? வானத்துல ரெண்டு நிலா இருக்குது!"

நான் திரும்பிச் செல்வியைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்று, கொஞ்சமும் பயப்படாமல், "தப்பா அடிக்கலைங்க. அது வேற கிரகம்" என்றார்.

அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார். ஆனால் விழாவில் என்ன நடந்தது தெரியுமா? அந்தப் பெண் பந்திக்குக்கூடப் போகாமல் பேனர் பக்கத்திலேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகு, "ரெண்டு நிலா போட்டது ஒண்ணு வேணும்" என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். அந்தத் தாய்மாமன் இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். நாற்காலி எல்லாம் போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

செல்வி என்ன வேலை செய்தார் என்று இன்னும் சிலருக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டால், "அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல படம் போடும்" என்று சொல்லிவிடுகிறோம். அவ்வளவுதானா? முதலில் கம்ப்யூட்டருக்குள் ஒரு நிலத்தைக் கட்ட வேண்டும். மேடு, பள்ளம், பாறை, தண்ணீர் எல்லாவற்றையும் உருவமாகச் செய்ய வேண்டும். பிறகு அதற்கு ஒரு சூரியன் வைக்க வேண்டும். அந்த வெளிச்சம் எங்கே விழும், எதில் பட்டு எங்கே திரும்பும், நிழல் எவ்வளவு நீளும் என்று கம்ப்யூட்டர் உட்கார்ந்து கணக்குப் போடும். அதற்குப் பெயர்தான் ரெண்டர். எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஒரு படம் ரெண்டர் ஆவதற்குள் மத்தியானச் சாப்பாடு முடிந்து டீயும் வந்துவிடும். நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து! எத்தனை முறை அப்படிப் போயிருக்கிறது! ஒரு முறைகூட அவர் மேஜையைத் தட்டி நான் பார்த்ததில்லை. "போவட்டும்ணா, அந்த மேகம் எனக்கே புடிக்கல" என்று சொல்லி மறுபடி உட்காருவார்.

ரெண்டர் முடிந்த பிறகுதான் அவருடைய நிஜமான வேலை ஆரம்பிக்கும். டேப்லெட்டில் பேனாவை வைத்து அதன்மேல் வரைய ஆரம்பிப்பார். மூடுபனி, துரு, காற்றில் பறக்கும் தூசி, யாரோ நடந்துபோன தடம் எல்லாம் அதில் வரும். "கம்ப்யூட்டர் போடற வெளிச்சம் சரியாத்தான் இருக்குதுண்ணா. சரியா இருந்தா மட்டும் போதுமா?" என்பார்.

அந்தக் கிரகங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன? கோடையின் கடைசியில் நம் உப்புப் பாத்தியில் தண்ணீர் இளஞ்சிவப்பாகிறதே, அதுதான் அவருடைய வேற்றுக் கிரகத்துக் கடல். ஓலை போர்த்திய உப்புக் குவியல்கள்தான் அங்கே மலைத்தொடர். உப்பளத்தில் நிற்பவருக்கு வெயில் தலையில் மட்டும் விழுவதில்லை. தரையிலிருந்தும் எழும்பி முகவாய்க்கு அடியில் அடிக்கும். அந்தக் கீழ்வெளிச்சத்தைச் செல்வி படத்தில் கொண்டுவந்தார். அதைப் பார்த்துத்தான் ஒரு வெளிநாட்டு வீடியோ கேம் கம்பெனி எங்களைத் தேடி வந்தது. கடையின் மாடியில் ஸ்டூடியோ வந்தது. 'உப்புவெளி' என்று செல்விதான் பெயர் வைத்தார். நான் கீழே ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். மேலே அவர் கிரகம் கிரகமாகச் செய்துகொண்டிருந்தார்!

இப்போது குப்பத்து உறவுகளுக்கெல்லாம் தெரிந்த கதைக்கு வருகிறேன். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆரோவில்லில் ஒரு ஓவியக் கண்காட்சிக்காகச் செல்வி ஒரு பெரிய படம் செய்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு நம் கடற்கரை. கடல் ஏறிவிட்டது. ரோடு இல்லை. செல்போன் டவரின் பாதி மட்டும் தண்ணீருக்கு வெளியே நிற்கிறது. அதற்குக் கீழே, கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீருக்குள், குப்பத்து வீடுகள் வரிசையாக மூழ்கிக் கிடக்கின்றன. பார்க்க அவ்வளவு அழகு! கண்காட்சியில் எல்லாரும் அதற்கு முன்னால்தான் நின்றார்கள். அந்தப் பெருமையில் அதைப் பெரிதாக அடித்து ஸ்டூடியோ முகப்பிலும் கட்டினோம்.

யாரோ அதை செல்போனில் படம் எடுத்தார்கள். யாரோ அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்கள்: 'கடலோர கிராமங்களைக் காலி செய்யத் திட்டம், ரகசிய வரைபடம் வெளியானது.' வாட்ஸ்அப்பில் போனது. சாயங்காலத்துக்குள் குப்பமே கடை வாசலில் நின்றது.

சுனாமியில் ஆட்களைப் பறிகொடுத்த ஊர் அது. அந்த ஊர் மக்களிடம் அவர்கள் வீடு தண்ணீருக்குள் கிடக்கிற படத்தைக் காட்டினால் என்ன ஆகும்? படத்தில் ஒரு நீலச் சுவர் இருந்தது. அதில் ஒருவர் பெயர் எழுதியிருந்தது. அது வேலம்மாள் அக்காவின் வீடு. சுனாமியில் போன அவருடைய கணவரின் பெயர்தான் அந்தச் சுவரில் இருக்கிறது. போட்டோ எடுத்து வந்து, எழுத்து மாறாமல் அப்படியே செய்து வைத்திருந்தார் செல்வி.

ஷட்டரை இறக்கிவிட்டேன். அந்தோணிராஜ் ஓடி வந்தார், பயந்துபோயிருந்தார். நான் செல்வியிடம், "ஒரு மன்னிப்பு டைப் பண்ணு, எல்லா குரூப்புலயும் போட்டுடலாம். படத்த கயட்டிடலாம். ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க" என்றேன். அந்தோணிராஜும் அதையேதான் சொன்னார்.

செல்வி என்ன சொன்னார் தெரியுமா? "படத்த கயட்டுங்கண்ணா. ஆனா மன்னிப்ப நான் டைப் பண்ண மாட்டேன். அவங்க மூஞ்சியப் பாத்துத்தான் சொல்வேன்."

மறுநாள் காலையில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு குப்பத்து மீன் ஏலக்கூடத்துக்குப் போனார். நானும் அந்தோணிராஜும் பின்னால் போனோம். ஊரே உட்கார்ந்திருந்தது. முதலில் எழுந்தது வேலம்மாள் அக்காவின் மருமகள் தமிழ்நிலா. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் இருந்தவர். "உங்களுக்கு இது படம். எங்களுக்கு இது எழவு. எங்க வூட்ட போட்டோ எடுக்கறப்போ எங்கள கேட்டீங்களா?" என்றார்.

"கேக்கல" என்றார் செல்வி. "கேட்டிருக்கணும். மன்னிச்சிடுங்க. இது திட்டமும் இல்ல, வரைபடமும் இல்ல. நானா கற்பனை பண்ணது."

பிறகு வேலம்மாள் அக்கா பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. "ஏம்மா, கடல பின்னாடி தள்ளி வையேன். உன் கையிலதான இருக்குது?"

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், 'சரிங்க, தள்ளி வச்சிடறேன்' என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன்! செல்வி சொல்லவில்லை.

"கடல நான் தள்ள மாட்டேங்க்கா. அது பொய்யாப் போயிடும். வருஷா வருஷம் அது ஏறி வர்றத என்னவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

கூட்டத்தில் சலசலப்பு. அந்தோணிராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். செல்வி தொடர்ந்தார்: "ஆனா ஒண்ணு தப்பு பண்ணிட்டேன். நேத்து உங்க கோவத்த பாத்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. அந்தப் படத்துல ஒரு மனுஷன்கூட இல்ல. நான் செஞ்ச எந்தக் கிரகத்துலயும் மனுஷன் இல்ல. ஆள் இல்லாம இருந்தாத்தான் அழகுன்னு பழகிட்டேன். கடல் வரும்க்கா. வந்தா நீங்க எங்க இருப்பீங்க? அத நான் யோசிக்கவே இல்ல. நீங்களே சொல்லுங்க. இருநூறு வருஷம் கழிச்சி உங்க ஊரு எப்படி இருக்கணும்?"

இப்படி ஒரு கேள்வியை அவர்களிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா? வீடு எங்கே வேண்டும், எப்படி வேண்டும் என்று எந்தக் காலத்திலாவது யாராவது கேட்டதுண்டா? வேலம்மாள் அக்காதான் முதலில் பதில் சொன்னார்.

"நாங்க எங்கயும் போமாட்டோம். கடல் கீழ இருக்கட்டும். வூட்ட மேல தூக்கி வையி."

"எவ்ளோ உயரத்துக்குங்க்கா?"

"உன் இஷ்டம். ஆனா படி வைக்காத. எனக்கு முட்டி வலி. லிஃப்டு வையி."

பின்னாலிருந்து ஒருவர் அக்காவைப் பார்த்து, "ஏம்மா, இருநூறு வருஷம் கழிச்சி நீ இருக்கப் போறியா?" என்றார்.

"நான் இல்லன்னா இன்னாடா? என் முட்டி வலி எங்க போவும்? என் பேத்திக்கு வரும், அவ பேத்திக்கு வரும்!"

ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எங்களுக்கு உயிர் வந்தது!

அதன்பிறகு சில மாதங்கள் செல்வி வாரா வாரம் ஏலக்கூடத்துக்குப் போனார். சுவரில் வேட்டியைக் கட்டி, புரொஜெக்டர் வைத்து அதில் படத்தைப் போட்டுக் காட்டுவார். ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கருவாடு காயவைக்க மொட்டை மாடி பெரிதாக வேண்டும் என்றார்கள். மாரியம்மன் கோயிலைப் படகில் வைக்கலாமா, தூண்மேல் வைக்கலாமா என்று ஒரு சண்டை. அது இரண்டு வாரம் ஓடியது. பிள்ளைகள் பறக்கிற படகு கேட்டார்கள். 'எஞ்சின் சத்தம் வராத படகா வையுங்க, மீன் ஓடிடும்' என்று பெரியவர்கள் திருத்தினார்கள். யார் என்ன சொன்னாலும் செல்வி அதே இடத்தில் பேனாவை எடுத்து வரைந்து காட்டுவார். பிடிக்காததைப் 'பிடிக்கல' என்றும் சொல்லிவிடுவார். இருபது மாடிக் கட்டடம் கேட்ட ஒருவரிடம், "காத்து அடிச்சா நீங்கதான் மொதல்ல கீழ வுழுவீங்க" என்றார். அன்று எழுந்து கத்திய தமிழ்நிலா மூன்றாவது வாரத்திலிருந்து செல்விக்குப் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தார். மழைக்காலத்துக்கு முன்பே ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். இன்று உப்புவெளியின் முதன்மை ஓவியர் அவர்தான்.

அந்தப் படம்தான் இப்போது ஏலக்கூடத்துச் சுவரில் இருக்கிறது. உயரமான தூண்களின்மேல் ஒரு ஊர். கீழே கடல். மாடிகளில் மீன் காய்கிறது, பெண்கள் பேசிக்கொண்டு நிற்கிறார்கள், நீலச் சுவரில் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஒரு லிஃப்ட் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்குள்ளே மீன்கூடையோடு ஒரு பெண். அது யார் என்று வேலம்மாள் அக்காவைக் கேளுங்கள். "நான்தான், வேற யாரு?" என்பார்.

படம் போட்டால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போன வருடம் குப்பத்தில் புதிதாக வலைக்கூடம் கட்ட அனுமதி வந்தபோது ஊர்க்காரர்கள் பொறியாளரை ஏலக்கூடத்துக்கு அழைத்துப் போய் அந்தப் படத்தைக் காட்டினார்கள். "எங்களுக்குத் தரையில வேணாங்க. தூண்மேல கட்டிக் குடுங்க" என்றார்கள். அவர் முதலில் சிரித்தார். பிறகு செல்போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார். இன்று அந்த வலைக்கூடம் ஆள் உயரத் தூண்களின்மேல் நிற்கிறது. சென்ற புயலில் தண்ணீர் அதற்குக் கீழே வந்து போனது. வலைகள் நனையவில்லை. ஆள் உயரம்தான், படத்தில் இருப்பதில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் ஒரு கற்பனையிலிருந்து அவ்வளவு இறங்கி வந்து சிமெண்டாக நிற்கிறதே! இதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா?

அதற்குப் பிறகு அவர் செய்த எந்தக் கிரகமும் காலியாக இருந்ததில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்குச் செய்கிற படத்திலும் ஒரு மூலையில் யாராவது துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள். 'இது எதுக்கு?' என்று அங்கிருந்து கேட்டால், "அங்க யாரோ குடியிருக்காங்க" என்று பதில் அனுப்பச் சொல்வார்.

அந்தோணிராஜ், உங்களுக்கு நான் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கரண்ட் வேலை முடித்து ஆரோவில்லிலிருந்து களைத்து வந்தாலும் மாடி ஏறி வந்து எங்கள் யுபிஎஸ்ஸைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவீர்கள். சமையலைச் செய்து கேரியரில் கொண்டுவந்ததும் நீங்கள்தான். செல்விக்கு நாங்கள் சொல்லும் ஒவ்வொரு நன்றியிலும் பாதி உங்களுடையது.

போன மாதம் ஒரு காலையில் செல்வி தலை வலிக்கிறது என்றார். ஸ்டூடியோ படியில் உட்கார்ந்தார். மூளையில் ரத்தக்கசிவு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றே முடிந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது. இதற்குமேல் அதைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை.

ஆனால் அவர் செய்துகொண்டிருந்த வேலையைப் பற்றிப் பேச வேண்டும். குப்பத்துப் படம் முடிந்தபிறகு, அதே கேள்வியை உப்பளத்தில் கேட்கப் போனார். முதலில் கேட்டது தன் அம்மாவிடம். இதோ, முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமேரி அம்மாவிடம். "இருநூறு வருஷம் கழிச்சி உப்பளம் எப்படிம்மா இருக்கணும்?" என்று கேட்டாராம்.

அம்மா உப்பு வாரிக்கொண்டே சொன்னாராம்: "எப்படினா இருந்துட்டுப் போவட்டும். ஒருத்தரும் வெயில்ல நிக்கக் கூடாது."

அந்த ஒரு பதிலோடு செல்வி மாடிக்கு வந்தார். மூன்று மாதமாக அதோடு போராடிக்கொண்டிருந்தார். கூரை போட்டுப் பார்த்தார். பாத்தி காயவில்லை, உப்பு விளையாத உப்பளமாகத் தெரிந்தது. கூரையை எடுத்தார், ஆட்கள் மறுபடியும் வெயிலில் நின்றார்கள். நகரும் நிழல், காற்றில் மிதக்கும் குடை, ஆளோடு கூடவே போகும் மேகம் என்று எத்தனையோ செய்து பார்த்து அழித்தார். கடைசியாக என்னிடம் பேசியதும் அதைப் பற்றித்தான். "உப்புக்கு வெயில் வேணும், மனுஷங்களுக்கு நிழல் வேணும். ரெண்டையும் ஒரே படத்துல எப்படிண்ணா கொண்டு வர்றது?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். இன்றும் தெரியவில்லை.

அவையோரே! உப்புவெளி ஸ்டூடியோவை மூடிவிடுவீர்களா என்று இந்த ஒரு மாதமாகப் பலர் கேட்டீர்கள். தமிழ்நிலாவைச் சாட்சியாக வைத்து, இந்த மேடையில் நின்று சொல்கிறேன்: மூட மாட்டோம்! அந்தப் படத்தைச் செய்து முடிப்போம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும் உப்பளத்து ஷெட்டில் வேட்டியைக் கட்டிப் படத்தைப் போடுகிறோம். உப்பளத் தோழர்கள் வர வேண்டும். குப்பத்து உறவுகளும் வாருங்கள். உங்களுக்கு இதில் பழக்கம் இருக்கிறது, சண்டை போடவும் தெரியும். செல்விக்குக் கிடைக்காத பதில் உங்களில் ஒருவரிடம் இருக்கலாம். இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறும் வருவோம். அதற்கடுத்த ஞாயிறும் வருவோம்.

ஆரோக்கியமேரி அம்மா, நாளைக்கு நீங்கள் மறுபடியும் வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் நாற்காலி உங்களுக்கு. நிழலில் போட்டு வைக்கிறோம்.